முட்டைக்கோஸும் காலிஃபிளவரும்: சத்து ஒப்பீடு – நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது தளி. குளிர்ந்த தட்பவெப்பம் காரணமாகக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைக்கப்படும் இப்பகுதியிலும், அருகிலுள்ள தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரங்களிலும் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் பரவலாகப் பயிரிடப்படுகின்றன. விளைச்சல் மிகுந்து விலை சரியும் வாரங்களில், விவசாயக் குடும்பங்களின் வீடுகளிலும் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சமையலறைகளிலும் இவ்விரு காய்களே நாள்தோறும் இடம்பெறுகின்றன.

உடல்நலம் உள்ளவர்களுக்கு இதனால் தீங்கு ஏதும் இல்லை. ஆனால் வீட்டில் இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரோ, சிறுநீரக நோயாளியோ இருந்தால், ‘இரண்டில் எதைச் சமைப்பது, எவ்வளவு கொடுப்பது?’ என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண இப்பக்கம் உங்களுக்கு உதவும்.

முக்கியக் குறிப்புகள்

• இரண்டு காய்களிலும் கலோரி ஏறத்தாழச் சமம். பெரும்பாலான சத்துகளில் வேறுபாடு சிறிதளவே.

• இரண்டு சத்துகளில் மட்டும் வேறுபாடு பெரிது. வைட்டமின் கே முட்டைக்கோஸில் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம். பொட்டாசியம் காலிஃபிளவரில் முக்கால் பங்கு அதிகம்.

• வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை உட்கொள்பவர்கள் முட்டைக்கோஸை அறவே விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் உண்ணும் அளவு மாறாமல் இருக்க வேண்டும்.

• பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்ட சிறுநீரக நோயாளிகள் காலிஃபிளவரை நிறைந்த நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு உண்ண வேண்டும்.

• பிறருக்கு இரண்டும் நல்ல காய்கள். மாற்றி மாற்றி உண்பதே சிறந்தது.

ஒரே இனம், வெவ்வேறு உறுப்பு

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் ஆகிய மூன்றும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. மனிதர் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பயிரிட்டதால், ஒரே இனம் இவ்வாறு வெவ்வேறு உருவங்களைப் பெற்றது. நாம் முட்டைக்கோஸின் இலையையும், காலிஃபிளவரின் விரியாத பூங்கொத்தையும், நூல்கோலின் பருத்த தண்டையும் உண்கிறோம்.

எல்லைப் பகுதியில் வழங்கும் கன்னடப் பெயர்களே இதனை எளிதில் விளக்கிவிடுகின்றன. முட்டைக்கோஸ் ‘எலெகோசு’, அதாவது இலைக்கோசு. காலிஃபிளவர் ‘ஹூகோசு’, அதாவது பூக்கோசு. இந்தப் பெயர்களை நினைவில் கொண்டால், சத்துகளின் வேறுபாடும் நினைவில் நிற்கும். தாவரங்களில் வைட்டமின் கே பச்சையம் உள்ள இடத்தில் மிகுந்திருக்கும். ஆகவே இலையாகிய முட்டைக்கோஸில் அது அதிகம். வெண்மையான பூவில் குறைவு. முட்டைக்கோஸிலும் வெளிப்புறப் பச்சை இலைகளில் மிகுதியாகவும், உள்ளே செல்லச் செல்ல வெளிறிய இலைகளில் குறைவாகவும் இருக்கும்.

100 கிராம் காயில் உள்ள சத்துகள்

கீழ்க்காணும் அளவுகள் சமைக்காத, உண்ணத்தக்க பகுதிக்கு உரியவை. இவை அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுச் சத்துத் தரவுத்தளத்தில் உள்ள அளவுகள். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையிலும் இவ்விரு காய்கள் இடம்பெற்றுள்ளன. இரகம், மண், பருவம், அறுவடைக்குப் பின் கடந்த நாட்கள் ஆகியவற்றைப் பொறுத்து அளவுகள் மாறும். எனவே இவ்வெண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.

| சத்து | முட்டைக்கோஸ் | காலிஃபிளவர் |
|---|---|---|
| ஆற்றல் | 25 கிலோகலோரி | 25 கிலோகலோரி |
| நீர் | 92 கிராம் | 92 கிராம் |
| புரதம் | 1.3 கிராம் | 1.9 கிராம் |
| மாவுச்சத்து (மொத்தம்) | 5.8 கிராம் | 5.0 கிராம் |
| நார்ச்சத்து | 2.5 கிராம் | 2.0 கிராம் |
| கால்சியம் | 40 மி.கி. | 22 மி.கி. |
| இரும்புச்சத்து | 0.5 மி.கி. | 0.4 மி.கி. |
| பாஸ்பரஸ் | 26 மி.கி. | 44 மி.கி. |
| பொட்டாசியம் | 170 மி.கி. | 299 மி.கி. |
| சோடியம் | 18 மி.கி. | 30 மி.கி. |
| வைட்டமின் சி | 37 மி.கி. | 48 மி.கி. |
| ஃபோலேட் | 43 மைக்ரோகிராம் | 57 மைக்ரோகிராம் |
| வைட்டமின் கே | 76 மைக்ரோகிராம் | 15.5 மைக்ரோகிராம் |

பத்தில் ஒன்பது பங்கு நீராக இருப்பதால், இரண்டும் வயிற்றை நிரப்பும். ஆனால் உடல் எடையைக் கூட்டா. கால்சியமும் நார்ச்சத்தும் முட்டைக்கோஸில் சற்று அதிகம். புரதமும் வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் காலிஃபிளவரில் சற்று அதிகம். பல காய்களையும் தானியங்களையும் சேர்த்து உண்ணும் ஒருவருக்கு இவ்வேறுபாடுகள் பெரிதாகத் தெரியா. பொட்டாசியமும் வைட்டமின் கே-யும் அவ்வாறு அல்ல. சில நோயாளிகளின் சிகிச்சையோடு அவை நேரடித் தொடர்பு உடையவை.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் பொட்டாசியத்தை ‘கே’ என்னும் ஒற்றை ஆங்கில எழுத்தால் குறிப்பது வழக்கம். வைட்டமின் கே-யையும் அதே எழுத்தால் குறிக்கின்றனர். இவை இரண்டும் முற்றிலும் வேறானவை. பொட்டாசியம் ஒரு தாது உப்பு. இதயத் துடிப்பையும் தசை இயக்கத்தையும் சார்ந்தது. வைட்டமின் கே இரத்தம் உறைவதற்குத் தேவையான உயிர்ச்சத்து. அறிக்கையில் ‘கே அதிகம்’ என்று கண்டு, இரத்த உறைவு எதிர்ப்பு மாத்திரையை நீங்களாகவே மாற்றிவிடாதீர்கள்.

இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து உட்கொள்பவர்களுக்கு

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள், கால் நரம்புகளில் இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள் ஆகியோரில் பலருக்கு வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. கல்லீரல் வைட்டமின் கே-யைப் பயன்படுத்தியே இரத்தம் உறைவதற்கான சில புரதங்களை உருவாக்குகிறது. இம்மாத்திரைகள் அந்தச் செயலைத் தடுக்கின்றன. எனவே உணவின் வழியாகச் சேரும் வைட்டமின் கே-யின் அளவும் மாத்திரையின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்க வேண்டும்.

இப்பொருத்தத்தை அளவிடுவதே ஐ.என்.ஆர். பரிசோதனை. பெரும்பாலானோருக்கு இது 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். சில வகைச் செயற்கை வால்வுகளுக்குச் சற்று உயர்ந்த இலக்கு தேவைப்படும். உங்களுக்கு உரிய இலக்கை உங்கள் மருத்துவர் குறித்துக் கொடுப்பார்.

குடும்பங்களில் பொதுவாக இரு தவறுகள் நிகழ்கின்றன.

முதலாவது, ‘பச்சைக் காய்களே கூடாது’ என்று கருதி அனைத்தையும் நிறுத்திவிடுவது. உடலுக்குச் சேரும் வைட்டமின் கே திடீரெனக் குறைந்தால், அதே அளவு மாத்திரையே மிகையாகிவிடும். ஐ.என்.ஆர். உயரும், பல் ஈறு, மூக்கு, சிறுநீர், மலம் ஆகியவற்றில் இரத்தக் கசிவு தோன்றலாம். மேலும், வைட்டமின் கே மிகக் குறைவாக உண்பவர்களின் ஐ.என்.ஆர். சிறு உணவு மாற்றத்துக்கும் ஏறி இறங்கும்.

இரண்டாவது, மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு வாரம் முழுவதும் முட்டைக்கோஸை மிகுதியாக உண்பது. நாளொன்றுக்கு 200 கிராம் முட்டைக்கோஸ் உண்டால் சுமார் 150 மைக்ரோகிராம் வைட்டமின் கே சேரும். அதே அளவு காலிஃபிளவரில் சேர்வது சுமார் 30 மைக்ரோகிராம் மட்டுமே. வழக்கமாக முட்டைக்கோஸ் உண்ணாதவர் திடீரென இவ்வளவு உண்டால் ஐ.என்.ஆர். குறையக்கூடும். அப்போது செயற்கை வால்வில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் ஏற்படும்.

எனவே பின்வரும் முறையைக் கடைப்பிடியுங்கள்:

• வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு முட்டைக்கோஸ் உண்பது என்பதை முடிவு செய்து, அதையே தொடருங்கள். சான்றாக, வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கிண்ணம் பொரியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

• மற்ற நாட்களில் காலிஃபிளவர் போன்ற வைட்டமின் கே குறைந்த காய்களைச் சமைக்கலாம்.

• வேகவைப்பதால் வைட்டமின் கே அழிவதில்லை. வெந்த முட்டைக்கோஸ் சுருங்குவதால், ஒரே எடையில் அதன் செறிவு கூடுகிறது. வேகவைத்து வடித்த 100 கிராம் முட்டைக்கோஸில் இது சுமார் 109 மைக்ரோகிராம். ஆகவே அளவைக் குறிக்கும்போது எப்போதும் ஒரே முறையில், அதாவது வேகவைக்கும் முன்போ பின்போ, அளந்து கொள்ளுங்கள்.

• கீரைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 கிராம் பாலக்கீரையில் சுமார் 480 மைக்ரோகிராமும், கொத்தமல்லித் தழையில் சுமார் 310 மைக்ரோகிராமும் வைட்டமின் கே உள்ளது. முட்டைக்கோஸை நிறுத்திவிட்டு, கொத்தமல்லித் துவையலைத் தாராளமாகப் பரிமாறினால் பயன் இல்லை.

• உணவுப் பழக்கத்தை மாற்ற விரும்பினால், முன்னதாக மருத்துவரிடம் தெரிவித்து, ஐ.என்.ஆர். பரிசோதனைக்கான நாளையும் கேட்டறியுங்கள். மாற்றத்தின் விளைவு தெரியச் சில நாட்கள் ஆகும்.

அபிக்சபான், ரிவரோக்சபான், டாபிகட்ரான் ஆகிய புதிய மருந்துகள் வேறு வழியில் செயல்படுகின்றன. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவையும் அவ்வாறே. இவற்றை மட்டும் உட்கொள்பவர்கள் வைட்டமின் கே-க்காக முட்டைக்கோஸைக் குறைக்க வேண்டியதில்லை. உங்கள் மருந்து எது என்று தெரியாவிட்டால், மாத்திரை அட்டையை மருந்தாளுநரிடம் காட்டிக் கேளுங்கள்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு

நலமான சிறுநீரகங்கள் மிகையான பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். இரத்தத்தில் பொட்டாசியத்தின் இயல்பான அளவு பொதுவாக 3.5 முதல் 5 வரை. இது மிகவும் உயர்ந்தால் இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். சில நேரங்களில் முன்னறிகுறி எதுவும் தெரியாது.

சிறுநீரக நோய் உள்ள அனைவரும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும் என்பதில்லை. தொடக்க நிலையில் பலருக்கு இக்கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை. உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு, சிறுநீரின் அளவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் இதனை முடிவு செய்வார். எனாலபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும்.

கட்டுப்பாடு விதிக்கப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மி.கி. அளவிலான வரம்பு பெரும்பாலும் கூறப்படுகிறது. சமைக்காத 100 கிராம் காலிஃபிளவரில் உள்ள 299 மி.கி. அதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. முட்டைக்கோஸில் உள்ள 170 மி.கி. பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆகவே இவர்களுக்கு முட்டைக்கோஸே எளிய தேர்வு. பாஸ்பரஸும் அதில் குறைவு.

எனினும் காலிஃபிளவரை விலக்கிவிட வேண்டியதில்லை. பொட்டாசியம் நீரில் கரையும் தன்மை உடையது. வேகவைத்து வடித்த 100 கிராம் காலிஃபிளவரில் அது சுமார் 142 மி.கி. அளவுக்குக் குறைந்துவிடுகிறது, அதாவது பாதிக்கும் கீழ். சமைக்கும் முறை இது:

1. காலிஃபிளவரைச் சிறு சிறு பூக்களாகப் பிரியுங்கள். தண்டை மெல்லியதாக நறுக்குங்கள்.

2. காய் நன்கு மூழ்கும் அளவுக்கு மிகுதியான நீரைக் கொதிக்க வைத்து, அதில் காயைப் போட்டு வேகவையுங்கள்.

3. அந்த நீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிடுங்கள். அதைச் சாம்பாரிலோ ரசத்திலோ சேர்க்காதீர்கள். கரைந்த பொட்டாசியம் அந்த நீரில்தான் உள்ளது.

4. பிறகு தாளித்துப் பொரியலாகச் செய்யுங்கள். குழம்பில் நேரடியாகப் போட்டு வேகவைத்தால் பொட்டாசியம் குழம்பிலேயே தங்கிவிடும்.

தட்டில் உள்ள மற்ற உணவுகளையும் சேர்த்துப் பாருங்கள். இப்பகுதியின் முதன்மை உணவாகிய ராகிக் களியில் கால்சியமும் நார்ச்சத்தும் நிறைந்துள்ளன. ஆனால் 100 கிராம் ராகி மாவில் 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியமும், கணிசமான பாஸ்பரஸும் உள்ளன. அரிசியில் இவை இரண்டும் மிகக் குறைவு. காயை வடித்துச் சமைத்துவிட்டு, இரண்டு வேளையும் களி உண்டால் கட்டுப்பாடு பயனற்றுப் போகும். உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். களி எத்தனை முறை உண்ணலாம் என்பதை உணவியல் வல்லுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘சோடியம் குறைந்த உப்பு’ என விற்கப்படும் பலவகை உப்புகளில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் ஒப்புதலின்றி அதனைப் பயன்படுத்தக் கூடாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு: மருத்துவமனையில் இயந்திரத்தின் மூலம் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு, இரு சிகிச்சைகளுக்கு இடையிலான நீண்ட இடைவெளியின் இறுதியில் பொட்டாசியம் உயர்ந்திருக்கும். அந்நாட்களில் கூடுதல் கவனம் தேவை. வீட்டிலேயே வயிற்றின் வழியாக நாள்தோறும் டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பொட்டாசியம் அன்றாடம் வெளியேறுவதால், கட்டுப்பாடு தளர்வாக இருக்கலாம். பக்கத்து வீட்டு நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட உணவுப் பட்டியல் உங்களுக்குப் பொருந்தும் என்று கருதாதீர்கள்.

இரு நோய்களும் ஒருவருக்கே இருந்தால்

சிறுநீரக நோயும் செயற்கை வால்வும் ஒருவருக்கே இருக்கலாம். பொட்டாசியத்துக்காக முட்டைக்கோஸைத் தேர்ந்தால் வைட்டமின் கே கூடுகிறது. வைட்டமின் கே-க்காகக் காலிஃபிளவரைத் தேர்ந்தால் பொட்டாசியம் கூடுகிறது. இந்நிலையில் வேகவைத்து வடித்த காலிஃபிளவர் இரண்டிலும் குறைவாக இருப்பதால் ஏற்றதாக அமையும். முட்டைக்கோஸையும் வாரத்தில் குறிப்பிட்ட அளவு, மாறாமல் உண்ணலாம். இரு மருத்துவர்களிடம் சிகிச்சை பெறுபவர், ஒருவர் கொடுத்த உணவுப் பட்டியலை மற்றவரிடமும் காட்ட வேண்டும்.

நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு

இரண்டு காய்களிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. 100 கிராம் ராகி மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்க, இக்காய்களில் 5 முதல் 6 கிராம் மட்டுமே உள்ளது. தட்டில் பாதியைக் காய்களால் நிரப்பி, களி அல்லது சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டால், உணவுக்குப் பின் சர்க்கரை உயர்வது மட்டுப்படும். ராகி நல்லது என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம் என்று எண்ணக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பும் உள்ள நீரிழிவு நோயாளிகள் மேற்கண்ட பொட்டாசியக் குறிப்புகளையும் பின்பற்ற வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கும் இரத்தசோகை உள்ளவர்களுக்கும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 570 மைக்ரோகிராம் ஃபோலேட் தேவை. 100 கிராம் காலிஃபிளவர் அதில் பத்தில் ஒரு பங்கைத் தரும். முட்டைக்கோஸ் அதைவிடச் சற்றுக் குறைவாகத் தரும். எனவே உணவை மட்டும் நம்பி, அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் இரும்புச்சத்து – ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

இவ்விரு காய்களிலும் இரும்புச்சத்து குறைவு. ஆனால் இவற்றிலுள்ள வைட்டமின் சி, ராகி, கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைபுரிகிறது. வைட்டமின் சி வெப்பத்தாலும் நீராலும் குறையும். ஆகவே பொட்டாசியக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் குறைந்த நீரில், மூடி வைத்து, சிறிது நேரமே வேகவைக்க வேண்டும். நீரை வடிக்கக் கூடாது. சிறுநீரக நோயாளிக்குச் சொன்ன முறைக்கு இது நேர்மாறானது. ஒரே வீட்டில் இருவரும் இருந்தால், நோயாளிக்கு உரிய காயை முதலில் தனியே வேகவைத்து எடுத்துவிடுங்கள்.

தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு

1928-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், முட்டைக்கோஸையே முதன்மை உணவாகக் கொடுத்து வளர்த்த முயல்களுக்குக் கழுத்துக் கழலை தோன்றியதைக் கண்டறிந்தனர். இக்குடும்பக் காய்களிலுள்ள சில கந்தகச் சேர்மங்கள், தைராய்டு சுரப்பி அயோடினைப் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்கின்றன. ஆனால் மனிதர் அம்முயல்களைப் போல முட்டைக்கோஸை மட்டுமே உண்டு வாழ்வதில்லை. சமைக்கும்போது இவ்விளைவு பெரிதும் குறைகிறது. அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்துபவர்கள் சமைத்த முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் அளவோடு உண்ணலாம். பச்சையாக மிகுதியாக உண்பதையும், சாறாக அருந்துவதையும் தவிர்க்கலாம். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக உட்கொள்ள வேண்டும்.

வாயுத் தொல்லை உள்ளவர்களுக்கு

இரு காய்களிலும் சிறுகுடலில் செரிக்காத சர்க்கரைகள் உள்ளன. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்வதால் வாயு உண்டாகிறது. காலிஃபிளவரில் மானிட்டால் என்னும் சேர்மம் மிகுந்திருப்பதால், குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு அது கூடுதல் தொல்லை தரலாம். சிறிதளவு முட்டைக்கோஸை அவர்களில் பலர் தாங்கிக்கொள்வர். சிறிய அளவில் தொடங்கி, நன்கு வேகவைத்து, மென்று உண்ணுங்கள்.

வாங்குதலும் சுத்தம் செய்தலும்

• கையில் கனமாகவும் இறுக்கமாகவும் உள்ள முட்டைக்கோஸையும், புள்ளிகளின்றி வெண்மையாக அடர்ந்த காலிஃபிளவரையும் தேர்ந்தெடுங்கள்.

• முட்டைக்கோஸின் வெளி இலைகள் இரண்டு மூன்றை நீக்குங்கள். பூச்சிக்கொல்லி எச்சம் பெரும்பாலும் அவற்றில்தான் தங்கும். வார்ஃபரின் உட்கொள்பவர்களுக்கு இது மற்றொரு வகையிலும் உதவும்: பச்சை இலைகளை ஒவ்வொரு முறையும் நீக்கினால், வைட்டமின் கே-யின் அளவும் ஓரளவு சீராக இருக்கும்.

• காலிஃபிளவரைப் பூக்களாகப் பிரித்து, வெதுவெதுப்பான உப்பு நீரில் சிறிது நேரம் ஊறவைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் புழுக்கள் வெளியேறும். பின்பு ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள்.

• நறுக்கிய பின் நீரில் போட்டு வைக்காதீர்கள். கழுவிய பின் நறுக்கி, உடனே சமையுங்கள்.

கோபி மஞ்சூரியனைக் காலிஃபிளவராகக் கணக்கிட வேண்டாம்

எல்லையின் இரு பக்கமும் மாலை நேரக் கடைகளில் மிகுதியாக விற்பனையாவது கோபி மஞ்சூரியன். மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, உப்பு மிகுந்த குழைச்சாறுகளில் புரட்டப்படுவதால், 25 கிலோகலோரி கொண்ட காய் பல மடங்கு ஆற்றலும் சோடியமும் உடைய பண்டமாகிவிடுகிறது. மேலும், சில கடைகளின் மாதிரிகளில் செயற்கை நிறமிகள் கண்டறியப்பட்டதை அடுத்து, கர்நாடக அரசு 2024 மார்ச் மாதம் கோபி மஞ்சூரியனில் அவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.

பராமரிப்பாளர்களுக்கான குறிப்புகள்

• ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் சமைத்த காய், கீரை, அவற்றின் அளவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஐ.என்.ஆர். அல்லது பொட்டாசியம் மாறும்போது, மருத்துவருக்கு இக்குறிப்பு பெரிதும் உதவும்.

• அளப்பதற்கு எப்போதும் ஒரே கிண்ணத்தைப் பயன்படுத்துங்கள்.

• பெங்களூருவில் சிகிச்சை பெற்றுத் திரும்புபவர்கள், உணவுப் பட்டியல் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், அதனைத் தமிழில் விளக்கிக் கூறுமாறு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். காய்களின் பெயர்களை மாற்றிப் புரிந்துகொள்ள நேரலாம்.

• தொழிற்சாலை உணவகத்தில் உண்பவரிடம், அங்கு அன்று என்ன காய் பரிமாறப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

• ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளும், வீட்டில் செய்யும் டயாலிசிஸுக்கான பைகளும் இத்திட்டத்தில் வீடு தேடி வழங்கப்படுகின்றன. வீட்டுக்கு வரும் பணியாளரிடம் உணவு குறித்த ஐயங்களையும் தெரிவியுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*முட்டைக்கோஸ் உண்டால் மூளையில் புழு உண்டாகுமா?*
சமைத்த முட்டைக்கோஸால் உண்டாகாது. மனித மலத்தால் மாசுபட்ட மண் அல்லது நீரின் வழியாக நாடாப்புழுவின் முட்டைகள் எந்தப் பச்சைக் காயிலும் ஒட்டக்கூடும். கழுவாமல் பச்சையாக உண்டால் அம்முட்டைகள் உடலுக்குள் செல்லும். நன்கு கழுவி, வேகவைத்து உண்டால் ஆபத்து நீங்கும். காலிஃபிளவரில் காணப்படும் பச்சைப் புழுக்கள் வேறு. அவை இந்நோயை உண்டாக்குவதில்லை.

*ஊதா நிற முட்டைக்கோஸ் வேறுபட்டதா?*
ஆம். 100 கிராமில் வைட்டமின் கே சுமார் 38 மைக்ரோகிராம் மட்டுமே. பச்சை முட்டைக்கோஸில் பாதி. வைட்டமின் சி 57 மி.கி., பொட்டாசியம் 243 மி.கி. ஆகவே ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைச் சமைக்கும்போது இதனைக் கருத்தில் கொள்ளுங்கள்.

*வார்ஃபரின் உட்கொள்பவர் நேற்று ஒரு நாள் முட்டைக்கோஸ் அதிகம் உண்டுவிட்டார். என்ன செய்வது?*
மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வழக்கமான உணவுக்குத் திரும்புங்கள். சில நாட்கள் தொடர்ந்து அதிகம் உண்டிருந்தால், மருத்துவரிடம் தெரிவித்து ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அறிகுறிகள்

இரத்த உறைவு எதிர்ப்பு மருந்து உட்கொள்பவருக்கு: நிற்காத இரத்தக் கசிவு, கருநிற மலம், சிறுநீரில் இரத்தம், தலையில் அடிபடுதல், கடும் தலைவலி, முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், திடீர் மூச்சுத்திணறல்.

சிறுநீரக நோயாளிக்கு: திடீர்த் தசைத் தளர்ச்சி, படபடப்பு, மிக மெதுவான நாடித்துடிப்பு, மயக்கம், மூச்சுத்திணறல்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் காத்திராமல் 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது மருந்துச் சீட்டையும் அண்மைப் பரிசோதனை அறிக்கையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். உணவு, மருந்து தொடர்பான பொது ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான வழிகாட்டலுக்கு உரியவை. உங்கள் மருத்துவர் கொடுத்த அறிவுரைக்கு மாற்றாக இவற்றைக் கொள்ள வேண்டாம்.